ஐந்தருவி மாடியில் கவிழ்த்து வைத்த அண்டா

சீசனில் குற்றாலம் போய்த் தலை நனைக்காமல் திரும்பிய ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனி கடைசி வியாழக்கிழமை. ஐந்தருவி அருகே ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் இருக்கும் செல்போன் டவர் முந்தின மாலையே படுத்துவிட்டது. டவர் பராமரிப்பு எனக்கு ஒப்பந்த வேலை. போய்த்தான் ஆக வேண்டும்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 5.10 பேருந்து. தென்காசி 160 கி.மீ., நாலேகால் மணி நேரம் என்பார்கள். புளியங்குடியில் எலுமிச்சை லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டதில் ஐந்து மணி நேரம் ஆனது. தென்காசியிலிருந்து ஐந்தருவிக்குப் பத்து கி.மீ., ஆட்டோ 300 ரூபாய். "சீசன்ல இதுக்குக் கொறஞ்சு ஒருத்தனும் வரமாட்டான் சார்" என்றார் ஓட்டுநர். பேரம் பேசத் தெம்பில்லை.

வாட்ச்மேன் சுடலைமுத்து அண்ணாச்சி மாடிக்குக் கூட்டிப் போனார். சாரல் முகத்தில் அடித்தது. செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கும் வெள்ளைக் குமிழ் ஆன்டெனாவைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அலுமினிய அண்டா கவிழ்ந்திருந்தது, மேலே இரண்டு செங்கல்.

"கொரங்கு வந்து புடுங்குது சார். வயர வேற கடிக்குது. பத்திரமா இருக்கட்டுமேன்னு நேத்துக் காலைல நாந்தான் கவுத்தி வச்சேன்" என்றார், பெருமையாக.

டவர்கள் மாறி மாறிப் பேசவும் கேட்கவும் வேண்டும். அதற்கு எல்லா டவருக்கும் ஒரே நேரம் தெரிய வேண்டும். நொடியில் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு பிசகினாலே ஒன்றின் பேச்சை ஒன்று கெடுக்கும். அண்டாவுக்குள் செயற்கைக்கோள் தெரியாது. டவர் பெட்டிக்குள் இருக்கும் கடிகாரம் சில மணி நேரம் சமாளித்தது, பிறகு டவர் தானே வாயை மூடிக்கொண்டது.

அண்டாவை எடுத்தேன். இருபது நிமிடத்தில் டவர் உயிர் பெற்றது. உடனே மதுரையிலிருந்து மேலாளர் கூப்பிட்டார், நடந்ததைச் சொன்னேன். "அண்டாவ வச்சது யாரு? ரிப்போர்ட்ல பேர எழுதுங்க. லாட்ஜ்ல சொல்லி ஆளத் தூக்கிடலாம்."

பக்கத்திலேயே நின்ற அண்ணாச்சிக்குக் கேட்டுவிட்டது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறைதான் அவருக்கு வீடு. "எம் பேர எழுதிராதிய சார். இந்த வயசுல எங்கன போவேன்?"

அண்டா வைத்தது அவர்தான், பொய்யில்லை. ஆனால் செயற்கைக்கோள் போனால் தென்காசியிலிருந்து கேபிள் வழியே நேரம் வந்திருக்க வேண்டும். அதற்குத்தான் மாற்று ஏற்பாடு. பெட்டியைத் திறந்தேன். அந்தக் கேபிள் செருகாமல் சுருண்டு கிடந்தது. போன வருடம் இதே மாடியில் மழைக்குப் பயந்து, நாலு மணிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், ‘மாற்று நேரம் சோதிக்கப்பட்டது’ என்று டிக் போட்டவன் நான். வெட்கமாக இருந்தது. அதைவிட, களைப்பாக இருந்தது.

கேபிளைச் செருகினேன். ஆன்டெனா வயரை வேண்டுமென்றே கழற்றிவிட்டு மாலை வரை படியில் உட்கார்ந்திருந்தேன். டவர் நிற்கவில்லை. அண்ணாச்சி இரண்டு முறை டீ வாங்கி வந்தார். வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதி அனுப்பினேன்.

போகிறவர்களுக்கு: சனி, ஞாயிறு வேண்டாம். தென்காசியிலிருந்து நகரப் பேருந்தே போதும். மாடியில் எதையும் காயப்போடாதீர்கள், குரங்கு விடாது. என் தொழில்காரர்களுக்கு: வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஓடாதீர்கள். உள்ளிருக்கும் கடிகாரமே தாக்குப்பிடித்து உங்களை ஏமாற்றும். நேரம் கேபிளில்தான் வருகிறதா என்று திரையில் பாருங்கள். அரை நாளாவது காத்திருங்கள்.

தென்காசியில் மதுரைப் பேருந்தில் ஏறிச் சீட்டு எடுத்ததும் மேலாளர் மறுபடி கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். நிதானமாகக் கேட்டார்: "இதே மாதிரி டிக் போட்டது வேற எத்தன எடம்?"

யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. "நாலு" என்றேன்.

"நாலையும் சரி பண்ணிட்டு டவர் சாவியெல்லாம் குடுத்துருங்க. ஒப்பந்தம் அதோட முடிஞ்சுது."

நாலில் முதல் இடம் வழியிலேயே இருக்கும் வாசுதேவநல்லூர். மதுரைக்கு எடுத்த சீட்டோடு அங்கேயே இறங்கிக்கொண்டேன்.