சகாயசெல்வி அண்ணி மாதாவுக்குக் கொடுத்த கோப்பை

பாத்திரம் என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால், அதில் பேர் வெட்டும்வரை எங்கள் அண்ணி சகாயசெல்விக்குத் தூக்கம் வராது. சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. அங்கே டிபன் பாக்ஸ் ஒன்றைத் தொலைத்ததிலிருந்து கரண்டியைக்கூட விட்டுவைப்பதில்லை. அண்ணன் நெற்றி ஒன்றுதான் பாக்கி என்று நான் கிண்டல் செய்வேன்.

2009இல் அவர் மகள் அனிதா டெங்குவில் படுத்துவிட்டாள். டாக்டரே கையை விரித்த நிலை. பிள்ளை பிழைத்தால் வீட்டிலிருக்கும் வெள்ளிக் கோப்பையை மாதாவுக்குக் கொடுப்பதாக அண்ணி நேர்ந்துகொண்டார். பாரிஸில் இருக்கும் அவருடைய அக்கா, அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கி வந்த கோப்பை அது. சுற்றிலும் திராட்சைக் கொடி, கீழே ஏதோ புரியாத எழுத்து. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அண்ணி நேரே கோயிலுக்கா போவார்? பட்டறைக்குப் போனார். அடுத்தவர் பேர் இருக்கிற சாமானை மாதாவுக்கு எப்படிக் கொடுப்பது என்று அந்த எழுத்தைத் தேய்க்கச் சொல்லி, அதே இடத்தில் ‘உபயம்: தைரியராஜ் குடும்பம்’ என்று அண்ணன் பேரை வெட்டி வாங்கி, அப்புறம்தான் கோயிலில் கொடுத்தார்.

இரண்டு வருஷம் கழித்து அனிதா சிதம்பரத்தில் கல்லூரியில் படித்தாள். வெளிநாட்டு மியூசியம் ஒன்றிலிருந்து படங்களை வரவழைத்து அங்கே கண்காட்சி வைத்தார்கள். எல்லாம் இரண்டாம் உலக யுத்தத்தில் யூதர்களிடமிருந்து கொள்ளையடித்த வழிபாட்டுச் சாமான்களின் படங்கள். விளக்கிச் சொல்லும் பிள்ளைகளில் அனிதாவும் ஒருத்தி. மகள் பேசுவதைப் பார்க்க அண்ணி பட்டுப்புடவை கட்டிக் கிளம்பினார், துணைக்கு நான்.

ஒரு படத்தின் முன்னால் அண்ணி நின்றுவிட்டார். அதே கொடி, அதே மாதிரி எழுத்து. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வீட்டில் திராட்சை ரசம் ஊற்றிச் செபம் சொல்லும் கோப்பை என்றாள் அனிதா. ஜெர்மன்காரன் வீடு வீடாகப் புகுந்து ஆட்களையும் கொண்டுபோனான், சாமானையும் கொண்டுபோனான்.

“இதுல இருக்கற பேர வச்சுத்தான் அந்தக் குடும்பத்துல மிச்சம் இருந்தவங்களக் கண்டுபிடிச்சாங்க,” என்று சொன்ன பிறகுதான் அவளுக்கும் உறைத்தது. அம்மா முகத்தைப் பார்த்தாள்.

பஸ்ஸில் அண்ணி என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார். அக்கா காசு கொடுத்துத்தானே வாங்கினாள்? இந்த மாதிரிக் கோப்பையெல்லாம் திருட்டுச் சாமானா? திருட்டு என்றால் பிள்ளை பிழைத்தது எப்படி? நேர்ந்து கொடுத்ததைத் திரும்ப எடுத்து, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சும்மா வாங்க அண்ணி என்று எரிந்து விழுந்தேன். எனக்கும் ஒன்றும் புரியாத கோபம்.

பங்குச் சாமியார் லூர்துசாமி, மாதாவே யூதப் பெண்தான், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று சமாதானம் சொல்லி அனுப்பினார். அண்ணிக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போயிற்று.

“அப்ப மாதாவோட ஜனங்க சாமானயே மாதாவுக்கு உபயமா குடுத்தனா?” என்று என்னிடம் கேட்டார்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு, பூசையில் வாசிக்க இறந்தவர்கள் பேரைக் கொடுக்கப் போயிருந்தோம். எங்கள் அப்பா பேரைச் சொன்ன பிறகும் அண்ணி நகரவில்லை. இன்னும் ஒரு குடும்பத்துக்கும் வேண்டிக்கொள்ள வேண்டும் என்றார். பேர் எழுதிக்கொண்டிருந்த உபதேசியார் ராஜாமணி, என்ன பேர் என்று கேட்டார். அந்த வெள்ளிக் கோப்பை வைத்திருந்தவர்கள் என்றார் அண்ணி. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பேர் இல்லாமல் எப்படியம்மா வாசிப்பது என்று அவர் மறுபடியும் கேட்டார்.

“பேரு இருந்துச்சுங்க,” என்றார் அண்ணி. “நாந்தான் தேய்க்கச் சொன்னேன்.”