ராஜாங்கத்தின் காது

கள்ளக்குறிச்சியில் யாராவது புதிதாக ஸ்பீக்கர் வாங்கினால் அதை என் வீட்டுக்காரரிடம் கொண்டுவந்து காட்டாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது. வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பெட்டியில் ஓடுகிற கலர் லைட்டைப் பார்த்து, ஆயிரம் வாட்ஸ் என்று மேலே அச்சடித்திருப்பதைப் பார்த்து, விளம்பரத்தில் ஆடுகிறவனைப் பார்த்து வாங்கிவிட்டு, அப்புறம் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அண்ணே, எப்டிக்கீது, கொஞ்சம் கேட்டுச் சொல்லுண்ணே" என்பார்கள். அவர் ஒரு பாட்டை முழுசாகக் கேட்பார். பிறகு, "தும்மு தும்முனு இடிக்குதே, இதுல பாடுறது ஆம்பளயா பொம்பளயா?" என்று கேட்டு அவர்களைத் திருப்பி அனுப்புவார். அவர்கள் மூஞ்சி தொங்கிப் போவதைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருக்கும்.

அவர் பெயர் ராஜாங்கம். கரியாலூருக்கு மேலே, பஸ் போகாத ஒரு மலைக் கிராமத்துக்காரர். இருபத்திரண்டு வயதில் மலையைவிட்டு இறங்கி கள்ளக்குறிச்சியில் ஒரு ரைஸ் மில்லில் சேர்ந்தார். இப்போது நாற்பத்தொன்பது. இத்தனை வருஷமும் நெல்லிலிருந்து உமியைப் பிரிக்கிற ஹல்லர் மெஷின் பக்கத்தில்தான் வேலை. அது ஓடும்போது காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. எத்தனை மூட்டை, யாரைக் கூப்பிடுகிறார்கள், டீ வந்துவிட்டதா, எல்லாம் அங்கே விரல் சைகைதான். காதுக்கு மாட்டிக்கொள்ள ஒரு சாமான் உண்டாம். அந்த முதலாளி அதைக் கண்ணில்கூடக் காட்டியதில்லை. கேட்டவர்களுக்கு, "பஞ்சு வெச்சிக்கோடா" என்று ஒரே பதில். பஞ்சையாவது அவன் வாங்கிக் கொடுத்தானா, அதுவும் இல்லை.

மில்லிலிருந்து வந்து குளித்துவிட்டு அவர் உட்காருகிற இடம் ஸ்பீக்கர் பெட்டிதான். பிளைவுட்டை அறுப்பது, ஒட்டுவது, சென்னையிலிருந்து வரவழைத்த ஸ்பீக்கரைப் பொருத்துவது எல்லாம் அவர் வேலை. பெரிய ஸ்பீக்கருக்கு அடிச் சத்தத்தையும், ட்வீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கருக்கு மேல் சத்தத்தையும் பிரித்து அனுப்ப ஒரு காயில் வேண்டும். அதைச் சுற்றுவது நான். கல்யாணத்துக்கு முன்னால் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் மூன்று வருஷம் இருந்தவள் நான், சந்திரலேகா. ஈயம் வைப்பதும் நானேதான். ஊரில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டிக்குப் பின்னால் ஒட்டுகிற ஸ்டிக்கரில் இருப்பது ராஜாங்கம் ஆடியோ.

அவருக்குத் 'தங்கக் காது' என்று பெயர் வைத்தவர் செபாஸ்தியான் சார், பேங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு அறை இருக்கிறது. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, கீழே கம்பளம், நடுவில் ஒரே ஒரு நாற்காலி. ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர் என் கட்டைவிரல் தடிமன். கண்ணை மூடிக்கொண்டு, "வயலின்காரன் லெஃப்ட் சைடுல ரெண்டாவதா ஒக்காந்துகினு இருக்கான், தெரியுதா?" என்று கேட்பார். எனக்கு ஒருத்தனும் தெரியவில்லை. கம்பெனிப் பெட்டி வாங்குகிறவர்களை ஆடுமாடு என்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் சத்தம் சரியாகச் சேருமாம். அதில் என் வீட்டுக்காரரை ஒருநாள் உட்காரச் சொல்லியிருப்பாரா அந்த மனுஷன்? தங்கக் காது நின்றுகொண்டேதான் கேட்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சாமை அறுப்புக்கு என் வீட்டுக்காரரின் அக்கா வீட்டுக்கு மலைக்குப் போயிருந்தோம். நல்ல மத்தியானம். சில்வண்டு கத்துகிற கத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதே காதில் விழவில்லை. அவர் கொல்லையில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். "பூச்சி சத்தமே இல்லியே லேகா. மருந்தடிச்சு மருந்தடிச்சு மலையவே கொன்னுட்டானுங்க" என்றார். கேலி பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, எத்தனை தடவை மருந்தடித்தாய் என்று சண்டைக்கே போய்விட்டார். அந்த மனுஷன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக் காட்டினேன்.

அதற்கு முன்பே இரண்டு பெட்டிகள் திரும்பி வந்திருந்தன. ச, ஸ எல்லாம் காதில் ஊசி குத்துவது போல் இருக்கிறது என்றார்கள் வாங்கினவர்கள். "கம்பெனிப் பொட்டிய கேட்டுக் கேட்டு உங்க காது கெட்டுப்போச்சு" என்று அவர்களைத் திட்டி அனுப்பிவிட்டு, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். ட்வீட்டர் சத்தம் அவர் காதுக்கு எட்டவே இல்லை, எட்டும்வரை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார் என்பது மலையில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. ஹல்லர் மெஷின் தின்றிருக்கிறது. வேறு யார் தின்பார்கள்?

அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மில்லில் மூட்டைக்காரனாக இருக்கிற மனுஷனுக்கு ஊரில் இருந்த ஒரே மரியாதை அந்தக் காதுதான். அதைப் போய் நான் பிடுங்குவதா? அவர் டியூன் பண்ணி முடித்து மில்லுக்குப் போன பிறகு, திரும்பி வந்த பெட்டியைக் கழற்றி, ட்வீட்டர் ஒயரில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்து ஈயம் வைத்தேன். மேல் சத்தம் அடங்கியது. என் காதுக்குச் சரியாக வரும்வரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து மூடிவிட்டேன்.

சாயங்காலம் வந்து போட்டுக் கேட்டார். கண்டுபிடித்துவிடுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துத் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. "இதான் லேகா சவுண்டு. இவனுங்களுக்கு இன்னா தெரியும்?" என்றார். பாத்திரம் கழுவுகிற சாக்கில் வெளியே போய் அழுதேன்.

அதற்கப்புறம் ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை. செபாஸ்தியான் சாரும் அவர் கூட்டாளிகளும் ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கினார்கள். "இன்னா டீடெயில், இன்னா டீடெயில்" என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். எல்லாம் என் காது. வாயைத் திறந்து சொல்ல முடியாமல் எனக்குள் புகைந்துகொண்டே இருந்தது.

இந்த வருஷம் கச்சிராயபாளையத்தில் புதிதாகக் கட்டிய சர்ச்சுக்கு ஸ்பீக்கர் வேண்டும் என்று வந்தது. செபாஸ்தியான் சார் கமிட்டியில் இருந்தார். கள்ளக்குறிச்சி ஷோரூமிலிருந்து ரெக்ஸ் என்கிற பையன் ஒரு பெரிய கம்பெனியின் ஸ்பீக்கரைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அப்படிப்பட்ட கம்பெனி. இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் பத்து நாள் சரியாகத் தூங்கவில்லை. "கோயில்ல ஏறிட்டா நம்ம பேரு நின்னுடும் லேகா. மில்லுக்காரன்னு எவனும் சொல்லமாட்டான்" என்றார். பெட்டிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

ஆனந்தமேரி டீச்சர் வேதாகமத்திலிருந்து ஒரு பக்கத்தை மைக்கில் வாசித்தார். கம்பெனி ஸ்பீக்கரில் முதலில் போட்டார்கள். ஹால் முழுக்கக் கும்மென்று ஆனது. ஜன்னல் அதிர்ந்தது. டீச்சர் வாசித்ததில் பாதி வார்த்தை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. பிறகு எங்கள் பெட்டி. கடைசி பெஞ்சில் இருந்த இருசம்மாள் என்கிற கிழவி எழுந்து, "இப்பத்தாம்மா நீ இன்னா படிக்கிறன்னு தெரியுது" என்றாள். கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். செபாஸ்தியான் சார் என் வீட்டுக்காரரின் தோளில் கை போட்டு, "எங்க தங்கக் காது" என்றார். வேலை முடிந்துவிட்டது. அத்தோடு கிளம்பியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் விடவில்லை. இருபத்தேழு வருஷத்து ஆத்திரத்தையும் அந்த ரெக்ஸ் மேல் இறக்கினார். "உங்க கம்பெனி பொட்டியில அடிச் சத்தம்தான் கீது. மேல ஒண்ணுமே கெடையாது. ஜனங்கள ஏமாத்திக்கினு இருக்கீங்க" என்றார்.

ரெக்ஸுக்கு முகம் சிவந்தது. "அடிச் சத்தம் ஜாஸ்தின்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். மேல இல்லன்னு சொல்லாதீங்கண்ணே. இருவதாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் போவும். போன்லயே டெஸ்ட் இருக்குது, இப்பவே காட்றேன்" என்றான்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நேரமாச்சு, போலாங்க" என்றேன். "சும்மா இரு லேகா, இவன் வண்டவாளம் தெரியட்டும்" என்று கையை உதறினார்.

"கேக்கிற வரைக்கும் எல்லாரும் கையத் தூக்கினு இருங்க. கேக்கலன்னா எறக்கிடுங்க" என்றான் ரெக்ஸ். கம்பெனி ஸ்பீக்கரிலிருந்து விசில் மாதிரி ஒரே சத்தம் கிளம்பி மெல்ல மெல்ல மெலிந்து மேலே ஏறியது. போனில் நம்பர் ஓடியது. ஆயிரம். இரண்டாயிரம். மூவாயிரம். நாலாயிரம் தாண்டியதும் என் வீட்டுக்காரர் கையை இறக்கிவிட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா, அவுட்டு. நாலாயிரத்துக்கே படுத்துடுச்சி."

விசில் காதைக் குடைந்துகொண்டிருந்தது. ஹாலில் நாற்பது பேர் இருப்போம். அவரைத் தவிர எல்லோர் கையும் மேலேயே இருந்தது. சிரித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். இருசம்மாள் கை, டீச்சர் கை, ரெக்ஸ் கை. கடைசியில் என்னைப் பார்த்தார். என் கையும் மேலே இருந்தது. ஆறு வருஷம் பொய் சொன்னவளுக்கு அந்த ஒரு நொடியில் கையை இறக்கத் தோன்றவில்லை.

ரெக்ஸ் போனை நிறுத்தவும் மறந்து நின்றான். பத்தாயிரத்தில் செபாஸ்தியான் சார் தலையைச் சொறிவது போலக் கையை இறக்கிக்கொண்டார். அந்தக் கம்பளமும் கட்டைவிரல் ஒயரும் வைத்திருக்கிற மனுஷனுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் எதுவும் கேட்காது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் என் வீட்டுக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் நின்றதும் செபாஸ்தியான் சார் தொண்டையைக் கனைத்தார். "ராஜாங்கம், நீங்க மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. பொட்டி விஷயம் கமிட்டியில பேசிட்டுச் சொல்றோம். காது கேக்காதவரு செஞ்சதக் கோயில்ல மாட்டுனா நாலு பேரு இன்னா சொல்வாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பத்து நிமிசம் முன்னாடி நல்லாக்கீதுன்னு தலையாட்டுனீங்களே சார், அது யாரு காது? உங்க காதுதான? பொட்டி மாறிடுச்சா? இல்ல உங்க காது மாறிடுச்சா?" என்றேன்.

"அதில்லம்மா, ஒரு நம்பிக்கைதான்..."

"நம்பிக்கையா? கேட்டுக்கோங்க. அந்தப் பொட்டிய முடிச்சது இவரு இல்ல, நானு. ஆறு வருசமா எல்லாப் பொட்டியும் நாந்தான் முடிக்கிறேன். உங்க வூட்டுல கீதே, இன்னா டீடெயிலு இன்னா டீடெயிலுன்னு கண்ண மூடுவீங்களே, அதுவும் நாந்தான். ட்வீட்டர் ஒயர்ல ரெசிஸ்டர் இருக்கும். கழட்டிப் பாருங்க."

ரெக்ஸ்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரு பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றினான். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இருக்குது சார்" என்றான். மூடும்போது, "இந்தப் பொட்டியவே மாட்டுங்க சார், பேச்சு இதுலதான் புரியுது" என்றும் சொன்னான். எதிராளிக்கு இருந்த நியாயம்கூட அந்தச் சாருக்கு இல்லை. டீச்சரும் ஆமாம் என்றார். வேறு வழியில்லாமல் செபாஸ்தியான் சார், "சரி, பொட்டிங்க இங்கியே இருக்கட்டும்" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன். நாற்பது பேர் நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பிய பிறகுதான், என் வீட்டுக்காரர் முன்னால் என்ன பேசினேன் என்பது எனக்கு உறைத்தது. அவர் அங்கே இல்லை. வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாப்பில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன்.

"ஆறு வருசமாவா?" என்றார்.

"ஆமாங்க."

"அப்பவே தெரியுமா ஒனக்கு, காது போய்க்கினு இருக்குதுன்னு?"

"தெரியும். உங்க மனசு ஒடஞ்சிடும்னுதான்..."

அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சொல்லியிருந்தா மில்ல உட்டுட்டு வந்திருப்பேனே லேகா. வேற எதனா வேல பாத்திருப்பேன். மிச்சக் காதாவது இருந்திருக்கும்."

மில் முதலாளியைத் திட்டினேன், கம்பெனிக்காரனைத் திட்டினேன், செபாஸ்தியான் சாரை ஊர் முன்னால் வைத்துத் திட்டினேன். அந்த ஆறு வருஷமும் தினம் காலையில் டிபன் பாக்ஸைக் கட்டிக் கையில் கொடுத்து, நேரமாகிறது கிளம்புங்கள் என்று அவரை அந்த மெஷினுக்கு அனுப்பியது நான்.