எலுமிச்சைக்கு ஒரு குளியல்

ஜெஞ்சாரோம் செம்பனைத் தோட்டத்து வேலை ஒத்துவரவில்லை. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். அடுத்து எங்கே என்று எனக்கே தெரியாது. அப்போது அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"டேய், ஒன் எலுமிச்ச வாடுது. வந்து குளிச்சிட்டுப் போ லா."

வெளியார் அறியச் சொல்கிறேன். எங்கள் அக்கா பிறந்தது சாலாக் செலாத்தானில், வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே குழாய் இருந்த இடத்தில். அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்விட்டார்கள். அக்காதான் தண்ணீர் சுமந்து என்னை வளர்த்தார். நான் பள்ளியைப் பாதியில் விட்டு ஊர் சுற்றப் போனேன். அவர் மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை செய்து, மணமாகிக் கிள்ளான் வந்தார். சொந்த வீடு, சொந்தக் குழாய். ஆனாலும் குளித்த தண்ணீர் சாக்கடைக்கு ஓடுவதை அவரால் தாங்க முடியவில்லை. குளியலறையைப் பூட்டிவிட்டார்.

வீட்டுத் தோட்டத்தில் ஆளுக்கொரு மரம், அதனடியில்தான் குளியல். தார்ப்பாய் மறைப்பு, வாளி, பயத்தமாவு. சோப்புக்குத் தடை. மச்சானுக்கு மா, அக்கா மகளுக்கு முருங்கை. மகளின் மாமியார் செராஸிலிருந்து வந்து தங்கியபோது அவரையும் விடவில்லை.

"சம்பந்தி, வாழைக்குப் பக்கத்துல நில்லுங்க. அது நெறைய குடிக்கும்."

"நானும் நெறையத்தான் ஊத்துவேன்!" என்று தார்ப்பாய்க்குள்ளிருந்து பதில் வந்தது.

என் மரம் எலுமிச்சை. அன்று போய்க் குளித்தேன். அக்கா மறைப்புக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தள்ளி நில்லுடா, தண்ணி வெளிய ஓடுது."

சில நாளில் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். சுடுகாட்டிலிருந்து திரும்பினால் குளிக்க வேண்டும். அன்று கிள்ளான் முழுக்கக் குழாயில் காற்றுதான் வந்தது. அக்காவின் மழைத்தண்ணீர்த் தொட்டிகள் மட்டும் நிறைந்திருந்தன. சம்பந்தியம்மாள் வரிசையை ஒழுங்குபடுத்தினார். எலுமிச்சைப் பக்கம் போன உறவினரைத் தடுத்தார்.

"தம்பி, அது அவரு மரம். நீங்க வாழைக்கு வாங்க. அது நெறைய குடிக்கும்."

அப்போதுதான் மச்சான் சொன்னார். நான் வராத மாதங்களில் எலுமிச்சை இலை கொட்டி நிற்குமாம். பாவம் பார்த்து ஒருமுறை அவர் வாளியோடு போனாராம்.

"அங்க ஊத்தாதீங்க. அது தழைச்சிருச்சின்னா அவன எதச் சொல்லிக் கூப்பிடுவேன்?" என்றாராம் அக்கா.

அன்று நெடுநேரம் குளித்தேன். அழுததும் வீணாகவில்லை, வேருக்குத்தான் போயிற்று.

அக்காவைத் தோள்மேல் சுமந்தவர்களுக்கும், இருந்த தண்ணீரில் எங்களுக்கும் சேர்த்துச் சமைத்துத் தந்த பக்கத்து வீட்டாருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. இந்த நினைவு மலரோடு உங்கள் கைக்கு வரும் எலுமிச்சை அந்த மரத்தில் காய்த்தது. தயங்காமல் பிழியுங்கள். கழுவித்தான் கொடுத்திருக்கிறோம், கழுவிய தண்ணீர் வாழைக்குப் போய்விட்டது.

நான் இப்போது எந்த ஊரில் இருக்கிறேன் என்று பலர் கேட்கிறீர்கள். எங்கும் போகவில்லை. அந்தக் குளியலுக்கு மறுநாள் காலை, அக்கா வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், கார் கழுவும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி ரப்பர் குழாயைத் திறந்து கையில் கொடுத்தார்.

"பாஸ், ஒரு வாளி இருக்கா?" என்று கேட்டேன்.