சிவப்பு ரிப்பன் கட்டிய பாதை

நான்காம் மாடி வரவேற்பறைப் பெண் சொன்னதாக மின்சாரப் பிரிவுக்காரர் சொன்னார். அந்தப் பெண்ணுக்குச் சொன்னது யாரென்று யாருக்கும் தெரியவில்லை. லிஃப்ட் இன்ஸ்பெக்டர் விடுமுறைக்கு நண்பர்களோடு மலைக்குப் போனாராம். சேறும் சகதியுமான பாதையில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயமாம். மூன்றாவதாக வந்து பதக்கம் வாங்கினாராம். திங்கள்கிழமை ஒன்பது மணிக்குள் அந்தக் கதை, அவர் அன்று சோதிக்க வந்திருந்த அலுவலகக் கட்டடத்தின் ஏழு மாடியும் ஏறி இறங்கியிருந்தது. இறங்கும் வழியில் ஒரு காட்டுப்பன்றியும் சேர்ந்துகொண்டது. பன்றி துரத்தியதால்தான் அந்த வேகமாம்.

கதாநாயகரோ மொட்டைமாடியில், லிஃப்டின் மோட்டார் இருக்கும் அறையில் ஒளிந்துகொண்டிருந்தார். வயது நாற்பத்தாறு. எந்த அறைக்குள் போனாலும் தொப்பை முதலில் போகும், அவர் பின்னால் வருவார். படியேறுவது அவருக்குக் கொள்கை அளவிலேயே பிடிக்காது. பதினெட்டு வருஷமாக ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் சோதித்து வருகிறவர். ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பனைக் கட்டிவிடுவார். கட்டிவிட்டால் கட்டியதுதான், யார் கெஞ்சினாலும் அவிழ்க்கமாட்டார். சொந்த மாமனாரையே ஆறு மாடி நடக்கவைத்த மனிதர்.

மலைக்குப் போனது என்னவோ உண்மைதான். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்ட மூன்று பேர்: இவர், கண்ணாடிக்கடைக்காரர், பேக்கரிக்காரர். ஓட்டக்காரர் பேக்கரிக்காரர் மட்டும்தான். அடுப்பு வேலை முடிந்ததும் தினமும் பிற்பகலில் ஓடுவார். இதே பந்தயத்தில் ஐந்து வருஷம் ஓடி, இரண்டு முறை நான்காவதாக வந்தவர். ஒரு பதக்கம்கூடக் கழுத்தில் ஏறியதில்லை. இப்போது வலது முழங்கால் மக்கர் செய்கிறது. திங்கள்கிழமை ஆபரேஷன், அதற்கப்புறம் மலையை ஜன்னலில் பார்த்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே இதுதான் கடைசி ஓட்டம்.

"எனக்குத் துணைக்கு நீயும் பேர் குடுடா. ஓடவேண்டாம், சும்மா பின்னாடி நடந்து வா," என்றார் பேக்கரிக்காரர்.

"நான் துண்டு பிடிச்சுக்கறேன். ஆம்புலன்ஸ் நம்பரும் வச்சிருக்கேன்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர், இவருடைய தொப்பையைப் பார்த்தபடி.

ஞாயிறு காலை. முந்தின நாள் மழையில் மலை முழுக்கக் குழைந்து கிடந்தது. சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும் வழியாகத்தான் ஓடவேண்டும் என்று அமைப்பாளர் ஒலிபெருக்கியில் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் நம்மவர் கழிப்பறையில் இருந்தார். பயம் வந்தால் அவருக்கு வயிறுதான் முதலில் பேசும்.

விசில் ஊதிய ஐந்தாவது நிமிடத்தில் முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. சேறு காலணியைப் பிடித்து இழுக்க, இவர் பதிலுக்கு இழுக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த வழக்கு நடந்தது. அப்புறம் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் கிளைக்குக் கிளை சிவப்பு ரிப்பன் படபடத்தது. பார்த்ததும் பதினெட்டு வருஷப் பழக்கம் அவரை நிறுத்தியது. ரிப்பனைத் தாண்டி நிறையக் காலடித் தடங்கள் போயிருந்தன.

'படிச்சவங்கதான். கட்டி வச்சதை மதிக்கத் தெரியுதா பாரு,' என்று மனதுக்குள் திட்டிவிட்டு, கடமை தவறாத மனிதராக வலப்பக்கம் திரும்பினார்.

வலப்பக்கம் பாதையே இல்லை, சரிவுதான் இருந்தது. இரண்டாவது அடியில் கால் வாரியது; மிச்ச வழியை உட்கார்ந்தே கடந்தார். கடைசியில் ஒரு புதரைத் துளைத்துக்கொண்டு அகலமான பாதையில் வந்து விழுந்தார். எதிரே மைதானம், கூட்டம், கைதட்டல். கடைசியாக வருகிறவனுக்குப் பரிதாபப்பட்டுத் தட்டுகிறார்கள் என்று நினைத்து, வெட்கம் தாங்காமல் எழுந்து ஓடினார். அவர் வாழ்க்கையில் உண்மையாக ஓடியது அந்த நூறு மீட்டர்தான்.

பதக்கம் கழுத்தில் விழுந்தது. "இல்லைங்க, நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"பாருங்க, என்ன ஒரு அடக்கம்!" என்றது ஒலிபெருக்கி.

இரண்டு நிமிடம் கழித்து நொண்டிக்கொண்டே பேக்கரிக்காரர் வந்தார். நான்காவது. நண்பனின் கழுத்தைப் பார்த்தார். ஒரு கணம் முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்புறம் சேற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். "டேய்! நீயா? படுபாவி, எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே இதையெல்லாம்?"

குழாயடியில் கால் கழுவும்போது பக்கத்திலிருந்த ஒருவர், அந்தச் சிவப்பு ரிப்பன் மட்டும் இல்லாவிட்டால் வழியே தெரிந்திருக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாது, பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று ஆயிரம் பேருக்கு விளக்கியவர் இவர். அன்றைக்கு அவரை எந்த பிரேக்கும் பிடிக்கவில்லை; ரிப்பனைத் தப்பாகப் படித்துக் குறுக்கு வழியில் வந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது.

காரில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். பேக்கரிக்காரர் முந்திக்கொண்டார். "பரவால்லடா. நமக்குள்ள ஒருத்தனுக்காவது கிடைச்சுதே." இவர் திறந்த வாயில் ஒரு பிஸ்கட்டைப் போட்டு மூடிக்கொண்டார்.

வீட்டில் மனைவி பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மொத்தமே மூணு பேர்தான் ஓடினாங்களா?"

அவளிடம் பொய் சொல்லும் திறமை அவருக்கு இல்லை. நடந்ததைச் சொன்னார். கதை புதரை எட்டும்வரை அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கதையில் பேக்கரிக்காரர் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆபரேஷன். இந்த நேரத்துல போய்... எல்லாம் முடிஞ்சு, வீட்டுக்கு வந்து, நல்லா நடக்க ஆரம்பிச்சதும்..."

"ஒரு திருகாணிக்காக எங்கப்பாவ ஆறு மாடி ஏறவிட்ட ஆள்தானே நீங்க?"

திங்கள் காலை, மோட்டார் அறையிலிருந்து முதலில் அமைப்பாளரைக் கூப்பிட்டார். முகம் மறந்துபோன மனிதரிடம் உண்மை பேசுவது சுலபமாகத்தான் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, பட்டியலைத் திருத்திவிடுவதாகச் சொன்னார். "அப்ப மூணாவது அந்த பேக்கரிக்காரர்தான். உங்க நண்பர்தானே? பதக்கத்தை நீங்களே குடுத்துடுங்க சார்."

மணி ஒன்பதே முக்கால். ஆபரேஷனுக்கு முன்னால் ஃபோனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஸ்பானர்களுக்கு நடுவே கிடந்த பதக்கத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நம்பரை அழுத்தினார். முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தார்: 'டேய், மூணாவது வந்தது நீதான்டா.' அடுத்த வாக்கியம் வரவில்லை.

மறுமுனையில் ஒரு முறை மணி அடித்தது. இரண்டு. மூன்று. கீழே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். பக்கத்திலிருந்த மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, ஃபோனை இன்னும் இறுக்கிப் பிடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.