சுண்ணாம்புக் கோட்டுக் கடைத்தெரு

மதினியை நினைத்தால் எனக்கு முதலில் கண்முன் வருவது அவர் பாதங்களில் ஒட்டியிருந்த வெள்ளைதான். செம்மண் பூமியில் நடந்து எங்கள் எல்லாருடைய கால்களும் சிவந்திருக்க, அந்த ஒரு வருஷம் மட்டும் அவருடைய குதிகாலும் சேலைக் கரையும் சுண்ணாம்பு பூத்துக் கிடந்தன. அறுபதுகளின் தொடக்கம் அது. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், பஸ் நின்று போகிற சின்ன ஊர் எங்களுடையது.

ஊர் நடுவே கடைத்தெரு. தெரு என்று பேர்தான். சாலையோரம் நெருக்கியடித்து நின்ற கீற்றுக் கொட்டகைகள். ஜவுளிக்கடை, மளிகை, சவரக்கடை, மணமேல்குடிக் கருவாடு விற்கிற கடை, அப்புறம் மதினியின் இட்லிக்கடை, அதை ஒட்டி என் தையல்கடை. அண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு மதினி அந்த அடுப்பை வைத்துத்தான் தன் பெண்பிள்ளைகளை வளர்த்து வந்தார். ஒரு வைகாசி மத்தியானம், காற்று சுழன்றடித்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு பொறி விழுந்து, தெரு மொத்தமும் எரிந்துபோனது. நான் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மதினி இட்லிக் கொப்பரையை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, எரிவதைப் பார்த்தபடி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். உயிர்ச்சேதம் இல்லை. மற்றதெல்லாம் சாம்பல்.

பஞ்சாயத்துத் தலைவர் அலையாய் அலைந்து, கடைத்தெருவை ஓட்டுக் கட்டடமாகக் கட்டித்தர அரசாங்க மானியம் கேட்டு வாங்கினார். ஆடியில் ஓவர்சியர் வந்தார். வெறும் பொட்டலில் கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூளைத் தூவி, வரிசையாகக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். ஒவ்வொரு கட்டமும் ஒரு கடை. அன்று சாயங்காலம் ஊரே அதைப் பார்க்க வந்தது. மங்கலான வெளிச்சத்தில் அந்தக் கோடுகள் தரையிலிருந்து ஒரு விரல்கடை உயர்ந்து மிதப்பதுபோல எனக்குத் தோன்றியது. மதினி கோடு கோடாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவர் கடை அதில் இல்லை. கொட்டகை செத்துப்போன அண்ணன் பேரில் இருந்ததால் பட்டியலில் விட்டுப்போயிருந்தது. அவர் கடை இருந்த மூலைக் கட்டத்தைப் பஞ்சாயத்து ரேடியோவுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

“ரேடியோ எப்ப வருதுங்க?” என்று ஓவர்சியரிடம் கேட்டார்.

“கட்டடம் முடியட்டும்மா. அதுக்கப்புறந்தான்.”

“அப்ப அதுவரைக்கும் நான் இருந்துக்கிறேன்.”

மறுநாள் விடியும்போது அந்தக் கட்டத்துக்குள் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தார். தலைக்குமேல் ஒன்றுமில்லை. ஆவி நேராக வானத்துக்குப் போனது.

வேலை தொடங்கவில்லை. பணம் வரும் வரும் என்றார்கள். ஜவுளிக்கடைக்காரர் கீரமங்கலத்துக்குப் போய்விட்டார். சவரக்கடைக்காரர் திருக்கோகர்ணத்தில் தம்பியோடு சேர்ந்துகொண்டார். நான் வீட்டிலேயே தைத்தேன். ஐப்பசி மழையில் கோடுகள் கரைந்தபோது மதினி கொட்டாங்கச்சியில் சுண்ணாம்பை எடுத்துப்போய், தடம் மறைவதற்குள் திரும்பப் போட்டார். தன் கட்டத்தை மட்டுமல்ல, எல்லாருடையதையும். ஒருநாள் என் வாசலில் வந்து நின்று, “தம்பி, ஒங்க கடை தெறந்தே கெடக்கு. எத்தனை நாளைக்கு நான் பாத்துக்கிறது?” என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் காலையில் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் என் கட்டத்துக்குள் போட்டேன்.

அந்த மாதங்களை இப்போது நினைத்தால் நடந்ததா, கனவா என்று சந்தேகம் வருகிறது. பனி இறங்கும் காலைகளில் நான் தைத்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் மதினி மாவு ஊற்றுவார். எங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு. அதை யாரும் மிதிக்க மாட்டோம். கருவாட்டுக்காரர் திரும்ப வந்தார். அவரும் தன் வாசல் வழியாகத்தான் உள்ளே போனார். தண்ணீர்க் குடத்தோடு வருகிற பெண்களும், இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பஸ் டிரைவர் மதினி கடையில் சாப்பிடுவதற்காகக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினார். பஸ் நின்றதால் ஆள் நின்றது.

தை பிறந்ததும் தலைவர் முகம் வாடி வந்தார். கடைக்காரர்களே கலைந்துபோன ஊருக்குக் கடைத்தெரு எதற்கு என்று மேலே பேச்சு வந்திருக்கிறது. திருச்சியிலிருந்து அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார். அவர் வேண்டாம் என்று எழுதினால் மானியம் வேறு ஊருக்குப் போய்விடும். சொல்லிவிட்டு, “இருக்கிறதே நீங்க மூணு பேரு,” என்றார்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். தொப்பி வைத்த, அதிகம் பேசாத மனிதர். பொட்டலை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக எங்களை நோக்கி நடந்தார். மதினி அடுப்படியிலிருந்து நிமிர்ந்தார்.

“ஐயா, அது செவுருங்க. அங்கிட்டு வாசல் இருக்கு, அப்படி வாங்க.”

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பிறகு பின்னால் நகர்ந்து, கோட்டை ஒட்டியே சுற்றி நடந்து, கோடு விட்டிருந்த இடம் வழியாக உள்ளே வந்தார். வரும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்.

“மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?”

“நனைவோங்க.”

“இது உங்கள் கடைதானே?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இடம் அவருடையதாகிவிடும்.

“இல்லைங்க. இது ரேடியோவுக்கு ஒதுக்குன எடம். எனக்கு எடம் இல்லை. அது வர்ற வரைக்கும் இருக்கேன்.”

அதிகாரி கையைக் கழுவிக்கொண்டு தலைவரைப் பார்த்தார். தலைவர் அந்த மூலைக் கட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, “ரேடியோ செவுத்துல மாட்டுற பெட்டிதானுங்க,” என்றார். “இந்தம்மா கடையிலேயே மாட்டிக்கலாம்.”

பங்குனி முடிவதற்குள் செங்கல் வந்து இறங்கியது. சுவர் எழும்ப எழும்பப் போனவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். புதுக் கட்டடத்தில் குடியேறிய அன்று எல்லாரும் சந்தோஷமாக இருக்க, மதினி மட்டும் என் கடை வாசலில் வந்து நின்றார். “கோடா இருந்தப்ப ஒங்க மூஞ்சி தெரிஞ்சுச்சு தம்பி,” என்றார். கொத்தனாரிடம் சொல்லி எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த சுவரில் நாலு செங்கலை எடுக்கச் சொன்னேன். கடைசி வரைக்கும் என் காப்பி அந்த வழியாகத்தான் வந்தது.

மதினி இறந்து வெகுகாலமாகிறது. கடையும் இல்லை, ரேடியோவும் இல்லை. அந்த இடத்தில் இப்போது மாடி வைத்த மருந்துக்கடை. ஆனால் பஸ் வந்து நின்றால், இன்றைக்கும் கண்டக்டர், “ரேடியோக்கடை எறங்கு,” என்றுதான் குரல் கொடுக்கிறார். அந்தப் பேர் மதினி இருந்தபோதே, ரேடியோ அவர் கடைச் சுவரில் ஏறியதுமே வந்துவிட்டது. முதல்தடவை அதைக் கேட்ட அன்று, சுவரிலிருந்த அந்த ஓட்டை வழியாக என்னை எட்டிப் பார்த்துச் சொன்னார்:

“பாத்தீங்களா தம்பி, போனாப் போகுதுன்னு இருக்க எடம் குடுத்தேன். பேரை அது எடுத்துக்கிருச்சு.”