இட்லிப் பூவை வெட்டினேன், அரளியை விட்டேன்

பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு லேத் பட்டறை. வீட்டுப் போர்த் தண்ணீரோ உப்பு. ரோஜா, மல்லிகை என்று வைத்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகின. செவ்வரளி மட்டும் சித்திரை வெயிலிலும் பூத்துக் குலுங்கிப் பட்டறைச் சுவரை மறைத்தது. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

மகளுக்கு இரண்டு வயதானபோது நாய்க்குட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. கிடைத்ததை எல்லாம் வாயில் வைப்பதில் இரண்டுக்கும் போட்டி. கணவர் அரிவாளைத் தேட ஆரம்பித்தார்.

“ஏட்டி, பிள்ளை நடமாடுத வீட்ல விஷச்செடி எதுக்கு? வெட்டிப் போட்டுருவோம்.”

அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம் என்பது எனக்கும் தெரியும். “பிள்ளை கை படாம நான் பாத்துக்கிடுதேன். பட்டுச்சுன்னா வெட்டுங்க” என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே!

இடுப்புயரத்துக்குக் கம்பிவலை அடித்தேன். கையுறை போட்டுக் கவாத்து செய்தேன். வெட்டிய கொப்புகளை எரித்தால் புகையும் ஆகாது, வெளியே எறிந்தால் ஆடு தின்னும். அதனால் வலைக்குள்ளேயே ஆழக் குழிதோண்டிப் புதைத்தேன். அரளிப் பூ உதிர்ந்து விழாமலிருக்க, நாயின் தண்ணீர்ச் சட்டி முன்வாசலுக்குப் போனது.

இத்தனையும் செய்த மகராசி ஒரு முட்டாள்தனமும் செய்தேன். தொட்டியில் குடிதண்ணீர் ஊற்றி வளர்த்த இட்லிப் பூவைக் கிள்ளி, அதன் தேனை உறிஞ்ச மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாமெல்லாம் அப்படிக் குடித்து வளர்ந்தவர்கள்தானே.

மறுநாள் காலை, வலைக்கு வெளியே விழுந்த அரளிப் பூவை எடுத்து அதேபோல் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். வாயில் படவில்லை. கையைக் கழுவி, மனசு கேட்காமல் டாக்டரிடமும் காட்டிவிட்டு வந்தேன். என்மேலேயே எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்.

கணவர் அரிவாளோடு நின்றார். “ஒரு மாசம் பொறுங்க” என்று அதை வாங்கிப் போய் இட்லிப் பூச்செடியை வெட்டினேன்.

“உனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? அது என்னட்டி செஞ்சுது?”

“பூவ வாயில வைக்கலாம்னு பிள்ளைக்குப் பழகுனதே அதாலதான்.”

வலையை ஓரடி தள்ளி ஆளுயரத்துக்கு ஏற்றினேன். வெளியே சாய்ந்த கொப்புகளைக் கழித்தேன். தினமும் மகள் எழும்பும் முன் உதிர்ந்த பூவைக் கூட்டி அள்ளினேன். வீட்டில் ஒரே சட்டம்: செடியில் பறித்தது எதுவானாலும் அடுப்படிக்கு வர வேண்டும், அம்மா தந்தால்தான் தின்ன வேண்டும். கறிவேப்பிலைக்கும் விலக்கு இல்லை.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கையில் கணவரின் அக்கா வந்திருந்தார். பக்கத்து வீட்டுக் கொய்யாக் கிளை எங்கள் சுவர் தாண்டித் தொங்கும். பழுத்த கொய்யா ஒன்றைப் பறித்து மகளிடம் நீட்டினார். “இந்தா தாயி, தின்னு.”

மகள் வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள். எச்சிலை விழுங்கினாள். பிறகு நாய்க்குட்டி பின்னால் வர, அப்பாவைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அடுப்படிக்கு வந்து என்னிடம் நீட்டினாள்.

“அம்மா, கழுவித் தா.”

எனக்கு மேளம் வைத்து ஊரைக் கூட்டலாம்போல் இருந்தது. மதினி, “பச்சப்பிள்ளைய இப்படியா மிரட்டி வைக்கது?” என்றார். சொல்லிவிட்டுப் போகட்டும். பழத்தைக் கழுவி, நறுக்கி, மகளுக்குக் கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கணவர் வலைக்கு வெளியே நின்று அரளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.