காற்றுப் பை கட்ட மறுத்த வெல்டா

வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றால் வெல்டா க்ரம் ஓட்டிவந்தவர் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரே பின்சக்கரத்தருகே போய்க் குந்துவாள். டயருக்கும் அதற்கு மேலிருக்கும் தகட்டுக்கும் நடுவில் முஷ்டியை நுழைத்துப் பார்ப்பாள். நுழைந்தால் நலம் விசாரிப்பு, கோதுமை விளைச்சல், எல்லாம் உண்டு. நுழையாவிட்டால் வாயிலிருக்கும் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டு, "யாரு இதை உங்க தலையில கட்டுனது?" என்பாள்.

பெண்டில்டன் ஊரின் விளிம்பில், கோதுமை வயல் தொடங்கும் இடத்தில் அவள் பட்டறை. எங்கள் பக்கத்தில் பிக்கப் வண்டியின் முதுகில் முழு வீட்டையே ஏற்றிக்கொண்டு மலைக்கும் கடலுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய அந்தப் பெட்டிக்குக் கேம்பர் என்று பெயர். பாரத்தில் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும், முன்விளக்கு மர உச்சியைக் காட்டும். அடியில் படுத்து, பாரம் தாங்கும் வில் பட்டைகளைக் கூட்டி, ஷாக் அப்சார்பரை மாற்றி, வண்டியை நிமிர்த்துவது வெல்டாவின் தொழில். ஐம்பத்தெட்டு வயது, அகன்ற தோள், தள்ளி நின்றாலும் கேட்கும் குரல். நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டே இன்னொரு கண்ணாடியைத் தேடுவாள். சாப்பாடு நின்றபடிதான். உட்கார்ந்தால் கோபம் ஆறிவிடுமாம்.

ஆறக் கூடாத கோபம்தான் அது. போன மே மாதம் ஓரின் பெட்டிபோனும் அவர் மனைவி ஜாய்ஸும் வந்தார்கள். இருந்த வீட்டை விற்றுவிட்டு, இனி சாலைதான் வீடு என்று கிளம்பியவர்கள். சாதாரண பிக்கப்பின் மேல் பக்கச்சுவர் வெளியே விரிகிற பெரிய கேம்பர். முஷ்டி என்ன, விரல்கூட நுழையவில்லை.

"பின் அச்சு மேல ரப்பர் காற்றுப் பை ரெண்டு வச்சு ஊதிட்டா போதும்னு விக்கிறவன் சொன்னான்" என்றார் ஓரின்.

"வச்சா வண்டி நிமிரும். பாக்கவும் அழகா இருக்கும். பிரேக்கு, டயரு, அச்சு? அதுங்களுக்கு யாரு காத்து அடிக்கிறது?"

"எல்லாரும் வச்சுக்கிட்டுதானே போறாங்க."

"போறாங்க. மலைக்குப் போயிட்டுத் திரும்பி வர்றப்ப காபேஜ் ஹில் இறக்கம் இருக்கு. அங்க வளைவுல பிரேக்கு புடிக்குதான்னு பாத்துக்கலாம்."

வெல்டா ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுக்காலில் ஒட்டியிருந்த சீட்டை விரல் முட்டியால் தட்டினாள். "உங்க வண்டியோட ஜாதகம் இதுல இருக்கு. எவ்வளவு தாங்கும்னு கம்பெனிக்காரன் எழுதியே வச்சிருக்கான்." பிறகு தானிய மண்டியின் எடை மேடைக்குக் கூட்டிப்போனாள். கேம்பரின் தண்ணீர்த் தொட்டி காலி. அப்படியும் பின் அச்சின் மேலிருந்த பாரம் சீட்டின் அளவைத் தாண்டி எங்கோ போயிருந்தது. ஓரின் எடை மேடை காட்டிய எண்ணைத் திரும்பப் படித்தார்.

ஜாய்ஸ் மேடைக்கு அருகே வந்தாள். "நான் கேட்டேங்க. இந்த வண்டி இதைத் தாங்குமான்னு வித்தவன்கிட்ட கேட்டேன். நான் அறுவடைக்கு கோதுமை லாரி ஓட்டுனவ. எனக்குப் பாரம் தெரியும். அவன் சிரிச்சுட்டு இவரைப் பாத்துப் பதில் சொன்னான். மேடத்துக்குத் திரைச்சீலை என்ன நிறம் வேணும்னு மட்டும் என்னைக் கேட்டான்."

வெல்டா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். அவளை அறிந்தவர்களுக்கு அது நல்ல அறிகுறி அல்ல.

கேம்பரை இறக்கித் தன் பட்டறை முற்றத்திலேயே அதன் இரும்புக் கால்களில் நிறுத்தினாள். "விடிவு பொறக்குற வரைக்கும் இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு, அவர்களோடு அதை விற்ற கடைக்குப் போனாள். விற்றவன் பெயர் ப்ரெண்ட். பல் வரிசை மின்ன, "வித்தது வித்ததுதான். அதான் நல்லபடியா ஊர் வந்து சேந்துட்டாங்களே" என்றான்.

அடுத்த சனிக்கிழமை கடைக்கு எதிரே, பொதுச்சாலை ஓரத்தில், மடக்கு நாற்காலி ஒன்றைப் போட்டாள் வெல்டா. அதிலும் உட்காரவில்லை, பையை வைத்தாள். கேம்பர் வாங்க வந்த ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, கதவைத் திறக்கச் சொல்லி, அந்தச் சீட்டை உரக்கப் படித்தாள். படித்துவிட்டு, "இப்ப உள்ள போய் நீங்க பாத்த கேம்பரோட எடை என்னன்னு கேளுங்க. தண்ணியோட, துணிமணியோட" என்பாள். சிலர் முறைத்துவிட்டு உள்ளே போனார்கள். பலர் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்கள்.

ப்ரெண்ட் புகார் சொல்லி, ஷெரிஃபின் காவலர் ஒருவரை வரவழைத்தான். "என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டார் அவர்.

"படிச்சுக் காட்டுறேன். அவங்க வண்டியில அவங்களுக்காக எழுதினதை. சட்டத்துல தப்புன்னா சொல்லுங்க, கைய நீட்டுறேன்."

அவர் தன் வண்டிக் கதவையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

சனிக்கிழமைதோறும் அந்த நாற்காலி வந்தது. கோடை பாதி கரைந்த பிறகு கடை முதலாளி இறங்கிவந்தார். பெரியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, துணிக்கூரை வைத்த சின்னக் கேம்பர் ஒன்றைக் கொடுத்தார். மன்னிப்பு கிடையாது. ப்ரெண்ட் இன்றும் அங்கேதான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் பேச்சு வந்தால் வெல்டா விதைத் தோலைத் துப்புகிறாள். "அந்தப் பெருசை வேற எவன் முதுகுலயோ ஏத்தியிருப்பான்" என்கிறாள்.

சின்னக் கேம்பருக்கு அவளே வேலை செய்தாள். வில் பட்டை அடுக்கில் ஒரு பட்டை கூட்டினாள். வளைவில் வண்டி ஒருபக்கமாகச் சாயாதிருக்கத் தடித்த கம்பி பூட்டினாள். பாரம் தாங்கும் டயர்களாக மாற்றினாள். மறுபடி எடை மேடை. இம்முறை எல்லாம் கதவுச் சீட்டின் அளவுக்குள் நின்றது.

கிளம்பும் காலையில் ஓரின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சாவிக்குக் கை நீட்டினார். வெல்டா அவரைக் கடந்து, வண்டியின் மூக்கைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். ஜாய்ஸின் உள்ளங்கையில் சாவியை வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.